அகடமிக் ஃபிரேஸ்பேங்க்: முதல் வரைவுக்குப் பிறகு திறக்க வேண்டிய தளம்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்கு விஷயம் தெரியும், தரவும் கையில் இருக்கும். அதை எந்த வாக்கியத்தில் சொல்வது என்பதில்தான் நாள்கணக்கில் தேங்கி நிற்பார்கள். அவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் இணையதளம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகடமிக் ஃபிரேஸ்பேங்க். ஆய்வேட்டில் பயன்படும் ஆங்கில வாக்கிய அமைப்புகளின் தொகுப்பு இது. ஜான் மார்லி உருவாக்கியது, இலவசம்.

முன்னுரை, முந்தைய ஆய்வுகள், ஆய்வு முறை, முடிவுகள், விவாதம் என ஆய்வேட்டின் வரிசையிலேயே வாக்கியங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வரையறுப்பது, ஒப்பிடுவது, காரணம் காட்டுவது போன்ற பொதுவான வேலைகளுக்குத் தனிப் பக்கங்கள் உண்டு. நல்ல முன்னுரை முதலில் களத்தைக் காட்டும், அடுத்து அங்கே இன்னும் ஆராயப்படாத இடைவெளியைச் சுட்டும், பிறகு தன் ஆய்வை அங்கே நிறுத்தும் என்று 1990இல் மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் விளக்கினார். அந்த நகர்வுகளை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, அடக்கமாகச் சொல்வதற்கான பக்கம். செவிலியர் படிப்பு மாணவி ஒருவர், சிறு குழுவிடம் கேட்ட பதில்களை வைத்து ‘இம்முறை வலியைக் குறைக்கிறது என நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்து ‘குறைக்கக்கூடும் என இம்முடிவுகள் உணர்த்துகின்றன’ என்று மாற்றினார். மாற்றிய கையோடு, “வேறு எதனாலெல்லாம் வலி குறைந்திருக்கலாம்?” என்று அவரே கேட்டார். அவருடைய விவாத இயல் அந்தக் கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது. சரியான வாக்கியம் கிடைத்தால் யோசனையும் கூர்மையாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கிருந்து எடுத்தால் திருட்டு ஆகாதா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. முதலில் மான்செஸ்டரில் எழுதப்பட்ட 100 முதுநிலை ஆய்வேடுகளிலிருந்து தொகுத்தவை இவை. யாருடைய கருத்தும் ஒட்டியிருக்காத பொதுச் சட்டகங்கள்தான்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். ‘இதுபற்றி அதிகம் ஆராயப்படவில்லை’ என்ற வாக்கியம் தயாராகக் கிடைப்பதால், தேடிப் படிக்காமலேயே இடைவெளி இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். அடுத்தவர் ஆய்வைக் குறிப்பிடும் இடத்திலும் இதே சிக்கல். ‘கூறுகிறார்’, ‘வாதிடுகிறார்’, ‘நிறுவுகிறார்’ மூன்றும் ஒன்றல்ல. எதைப் போடுகிறோமோ, அந்த ஆய்வின் மீது நமக்குள்ள நம்பிக்கையும் அதிலேயே தெரிந்துவிடும். பட்டியலில் இவை பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, ஒரே சொல் திரும்ப வராமலிருக்க மாற்றிப் போடுபவை என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். அந்த வேறுபாட்டை ஆசிரியர்தான் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

அதனால் முதல் வரைவைத் தங்களுக்கு வந்த ஆங்கிலத்திலேயே எழுதச் சொல்கிறேன். இடையிடையே தாய்மொழிக் குறிப்பு வந்தாலும் பரவாயில்லை. அப்புறம்தான் தளத்தைத் திறக்க வேண்டும். எடுத்த சொற்றொடரை லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கிய ஆன்ட்காங்க் என்ற இலவச மென்பொருளில், தம் துறைக் கட்டுரைகளை ஏற்றித் தேடிப் பார்க்கலாம். அந்தச் சொற்றொடரை அந்தத் துறைக்காரர்கள் எங்கே, எதற்குப் பக்கத்தில் வைக்கிறார்கள் என்பது வரிவரியாகத் தெரியும். பொறியியலில் இயல்பாக வருவது வரலாற்றில் உறுத்தலாம். அந்த வேறுபாட்டைப் பட்டியலில் மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்.

முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். ஒரு பத்தியில் ஒரு கருத்தை நிறுத்தி வளர்க்கவே இன்னும் பழகாத முதலாண்டு மாணவருக்கு இப்போதைக்கு வேண்டாம்.