கம்பைல் ஆகாத பேக்கேஜ்: சரிசெய்வதா, ரெடிமேட் பைனரியா?

உபுண்டு லினக்ஸில் ஒரு மென்பொருளை அதன் சோர்ஸிலிருந்து (மூல நிரல்) கம்பைல் செய்ய மேக் கட்டளையை ஓட்டினீர்கள், பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது. அதைத் துரத்துவதா, ஆப்ட் (உபுண்டுவின் பேக்கேஜ் மேலாளர்) அல்லது பிளாட்பேக்கில் (எந்த லினக்ஸிலும் ஆப் நிறுவும் முறை) கிடைக்கும் பைனரியை, அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்ததைப் போட்டுக்கொள்வதா?

நேரம்: பைனரிக்குச் சில நிமிடங்கள். பிழை பத்து நிமிடத்திலும் தீரலாம், ஒரு ராத்திரியையும் தின்னலாம்.

இடம்: ஆப்ட் சிக்கனம். பிளாட்பேக் முதல் முறை ரன்டைமோடு (ஆப் ஓடத் தேவையான பொது லைப்ரரிகள்) நூற்றுக்கணக்கான எம்பி இறக்கும்.

புதுமை: ஆப்டில் பழைய பதிப்பே இருக்கலாம். சோர்ஸில் நேற்றைய திருத்தமும் கிடைக்கும்.

சிரமம்: பைனரியில் ஒன்றுமில்லை. சோர்ஸில் பலரும் கடைசி வரியைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். பார்க்க வேண்டியது முதல் பிழையை. மேக்கில் பல ஜாப் (கம்பைல் வேலைகள்) இணையாக ஓடினால் செய்திகள் கலந்துவிடும், ஒரே ஜாபில் மறுபடி ஓட்டுங்கள். 'எஸ்எஸ்எல்.ஹெச் இல்லை' என்றால் ஹெடர் ஃபைல் (லைப்ரரியின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைல்) இல்லை என்று பொருள். அதைத் தரும் லிப்எஸ்எஸ்எல்-டெவ் பேக்கேஜைப் போட்டால் சரி. ஃபெடோரா லினக்ஸில் அதன் பெயர் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல். வெறும் 'கில்டு' (Killed) என்று வந்தால் பெரும்பாலும் ராம் தீர்ந்திருக்கும். நிரல் பழைய சி மொழியில் இருந்தால் கம்பைலரையும் சந்தேகியுங்கள்: அறிவிக்காமல் ஃபங்ஷனை அழைப்பதை முன்பு எச்சரிக்கையோடு விட்ட ஜிசிசி கம்பைலர், 2024இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து பிழையாக்கிவிட்டது. இதற்கு எந்த டெவ் பேக்கேஜும் மருந்தல்ல.

அப்டேட்: ஆப்ட் பார்த்துக்கொள்ளும். சோர்ஸ் என்றால் உங்கள் தலையில்தான்.

வேலை நடந்தால் போதும் என்பவருக்கு ஆப்ட். புதுப் பதிப்பு மட்டும் வேண்டுமென்றால் பிளாட்பேக். நிரலில் பேட்ச் (திருத்தம்) போடவோ கம்பைல் ஆப்ஷன் மாற்றவோ வேண்டுமா? சோர்ஸ்தான். அப்போதும் ஆப்ட் அமைப்பில் டெப்-சோர்ஸ் (சோர்ஸ் பேக்கேஜ்கள் கிடைக்கும் இடம்) வரிகளை இயக்கி, கம்பைலுக்குத் தேவையான பேக்கேஜ்களைப் போடும் 'ஆப்ட் பில்ட்-டெப்' கட்டளையை முதலில் கொடுத்துப் பாருங்கள்.