ட்ரூயிஸ்ட் பார்க்கில் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் பார்க்கிங் சீட்டு வாங்குமுன் படிக்கவும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ட்ரூயிஸ்ட் பார்க் மைதானத்தில் அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்தைக் குடும்பத்தோடு பார்க்கப் போகிறவர்கள், ஆட்டத்திற்கான டிக்கெட்டை எங்கே வாங்குகிறோம் என்பதைவிட, வண்டியை நிறுத்துவதற்கான சீட்டை யாரிடம் வாங்குகிறோம் என்பதில்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. அணியின் பக்கத்தைப் போலவே தோற்றமளித்த ஓர் இணையதளம் எனக்கு விற்ற பார்க்கிங் சீட்டு, மைதானத்திலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் உள்ள, அந்தத் தளத்திற்கு எவ்வித உரிமையும் இல்லாத ஓர் அலுவலக வளாகத்திற்கானது. ஆட்டம் முடிந்து திரும்பியபோது வண்டி அங்கே இல்லை.

தேடுபொறியில் மைதானத்தின் பெயரோடு பார்க்கிங் என்று தட்டினால் மேலே வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரம்தான். நான் நுழைந்த பக்கத்தின் முகவரியில் மைதானத்தின் பெயர் இருந்தது. தலைப்பில் மைதானத்தின் படம் இருந்தது. ஓரத்தில், இன்னும் சில இடங்களே மீதம் என்று அவசரப்படுத்தும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் 32 டாலர் என்று காட்டிய கட்டணம், சேவைக் கட்டணம் என்றும் செயலாக்கக் கட்டணம் என்றும் இரண்டு தொகைகள் சேர்ந்து கடைசித் திரையில் 54 டாலராகியிருந்தது. அதன்பின் மின்னஞ்சலில் வந்தது ஒரு தாள்: ஒரு பட்டைக்குறியீடு, ஒரு தெருமுகவரி, 'மைதானத்திற்கு அருகில்' என்ற ஒரு வரி. எந்த வாகன நிறுத்தம், என்ன எண், எந்த நுழைவாயில் என்று எதுவும் அதில் இல்லை.

ஆட்டநாளன்று அந்த முகவரியில் ஆரஞ்சு நிற மேல்சட்டையும் கையில் கொடியுமாக ஒருவர் நின்றிருந்தார். தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கடைசி வரிசையில் நிறுத்தச் சொன்னார். அனுமதியில்லாத வாகனங்கள் இழுத்துச் செல்லப்படும் என்ற பலகை அங்கே இருக்கத்தான் செய்தது. ஆனால் நுழைவாயில் ஓரத்துச் செடி வளர்ந்து அதன் பாதியை மறைத்திருந்ததாலும், கொடிக்காரர் சரியாக அதன் முன்னால் நின்றிருந்ததாலும், உள்ளே வருகிற யாருடைய கண்ணிலும் அது படாது. இரவு திரும்பியபோது அந்த வரிசையே காலியாக இருந்தது. எங்களைப் போலவே இன்னும் சில குடும்பங்கள் கைப்பேசி வெளிச்சத்தில் அந்தப் பலகையில் இருந்த எண்ணைப் படித்துக்கொண்டிருந்தன. வாடகைக் கார் பிடித்து, வண்டி கிடந்த இடத்தைக் கண்டுபிடித்து, கேட்ட தொகையைக் கட்டி மீட்டு வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது.

காத்திருந்த நேரத்தில், மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமனார் கேட்டார்: "என்ன மாப்ள, இவ்வளவு பெரிய மைதானத்தைக் கட்டினவங்க, பக்கத்துல ஒரு ரயில் நிறுத்தம் கட்டலையா?"

கட்டவில்லை. ஏமாற்றுக்காரர்களுக்கு இங்கே இப்படி ஒரு சந்தை கிடைத்திருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அணி முன்பு ஆடிய டர்னர் ஃபீல்ட் நகரின் நடுவே, 1996 ஒலிம்பிக்கிற்காக எழுப்பிய அரங்கை மாற்றியமைத்து 1997இல் திறந்த மைதானம். அதன் வாசலிலும் ரயில் நிற்காதுதான். ஆனாலும் நகரின் பொதுப் போக்குவரத்து அமைப்பான மார்ட்டாவின் ரயிலில் ஃபைவ் பாயின்ட்ஸ் நிலையத்தில் இறங்கினால் சிறப்புப் பேருந்து கொண்டுபோய் விட்டுவிடும். இருபது ஆண்டுகள்கூட நிறையாத அந்த மைதானத்தை விட்டுவிட்டு, நகருக்கு வடமேற்கே, இப்போதைய மைதானம் இருக்கும் காப் மாவட்டத்திற்குப் போகிறோம் என்று 2013 நவம்பரில் அணி அறிவித்தது. சீட்டு வாங்குவோரில் பெரும்பாலோர் வடக்கே வசிக்கிறார்கள், பழைய இடத்தில் வண்டி நிறுத்தப் போதிய இடமில்லை என்பவை அணி சொன்ன காரணங்களில் முக்கியமானவை. இரண்டாவது காரணத்தை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

காப் மாவட்ட வாக்காளர்கள் 1965இலேயே மார்ட்டாவில் சேர மறுத்தவர்கள். 2024 நவம்பரில் பொதுப் போக்குவரத்துக்காகக் கூடுதல் விற்பனை வரி விதிக்கும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோதும் நிராகரித்தார்கள். ஆனால் அதே மாவட்டம் மைதானம் கட்டுவதற்குப் பொதுப் பணத்திலிருந்து ஏறத்தாழ 30 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மக்களின் வாக்கைக் கேட்காமல் ஆணையர் குழு எடுத்த முடிவு அது. அதை முன்னின்று நடத்திய குழுத் தலைவர் டிம் லீ 2016இல் கட்சி உள்தேர்தலில் தோற்றுப்போனார். ஐ-75, ஐ-285 என்ற இரண்டு பெருஞ்சாலைகள் சந்திக்கும் முனையில், ஏறத்தாழ 41,000 பேர் அமரும் மைதானத்தை ரயில் இல்லாமல் வைத்தால், வந்து சேருகிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு வண்டியோடு வரும். வண்டி நிறுத்தும் இடம் டிக்கெட்டைப் போலவே விலைபோகும் பொருளாகும். விலைபோகும் பொருள் எதுவாக இருந்தாலும் அதற்குப் போலி வருவதற்கு நாளாகாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, மைதானம் நன்றாக இல்லை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017இல் திறந்த நாளிலிருந்து அது பேஸ்பாலுக்காகவே கட்டிய இடமாக இருக்கிறது. ஓட்டப் பந்தயத்துக்குக் கட்டியதைத் திருத்திய இடமாக இல்லை. இருக்கைகள் களத்தை நெருங்கி நிற்கின்றன. மேலடுக்கில் உட்கார்ந்தாலும் பந்து மட்டையில் படும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. ஜூலை வெயிலில் மேற்கூரையின் நிழல் எத்தனை வரிசைகளைக் காப்பாற்றுகிறது என்பதைப் பழைய மைதானத்தில் வெந்தவர்கள்தான் அறிவார்கள். பிரேவ்ஸின் பழம்பெரும் ஆட்டக்காரர் ஹாங்க் ஆரன் தன் வாழ்நாளில் அடித்த 755 ஹோம் ரன்களுக்காக (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பதுதான் ஹோம் ரன்) 755 மட்டைகளை அடுக்கி, அவர் சிலையோடு வைத்திருக்கும் கூடத்தில் என் மாமனார் ஓர் இன்னிங்ஸ் முழுக்க நின்றுவிட்டார். 2021இல் அணி பேஸ்பாலின் சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடரை வென்றதும் இந்த மைதானத்தின் காலத்தில்தான். ஆனாலும், 1974 ஏப்ரல் 8 அன்று ஆரன் பேப் ரூத்தின் ஹோம் ரன் சாதனையை முறியடித்த 715ஆவது ஹோம் ரன் விழுந்த இடம் நகருக்குள், அதற்கும் முந்தைய மைதானம் இருந்த இடத்தில் அமைந்த டர்னர் ஃபீல்டின் வாகன நிறுத்தத்தில் அடையாளமிட்டு வைக்கப்பட்டிருந்தது. பார்ப்பதற்கென்றே ஒரு வாகன நிறுத்தத்திற்குப் போன காலமும் உண்டு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அணியின் ஆட்டச் சீட்டும் பார்க்கிங் சீட்டும் அணியின் வழியாக வாங்கினால் பேஸ்பால் லீக்கின் எம்.எல்.பி. பால்பார்க் என்ற கைப்பேசிச் செயலிக்குள்ளேயே வந்துவிடும்; மின்னஞ்சலில் வந்த தாளை அச்சிட்டு எடுத்து வரச் சொன்னால், வாங்காமல் விட்டுவிடுங்கள். சீட்டில் வாகன நிறுத்தத்தின் பெயரோ எண்ணோ இல்லையென்றால், மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். தனியார் இடத்தில் நிறுத்த நேர்ந்தால், கொடிபிடித்து நிற்பவரைப் பார்க்காமல், வண்டியை விட்டு இறங்கி வாசல் பலகையைத் தேடிப் படியுங்கள். வண்டியை இழுத்துச் செல்லும் இடங்களில், அதை எங்கே மீட்கலாம், எவ்வளவு கட்ட வேண்டும் என்ற விவரங்களோடு பலகை வைத்திருக்க வேண்டும் என்பது ஜார்ஜியா சட்டம். அதனால் பலகையையும் அதை மறைப்பது எதுவாக இருந்தாலும் அதையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பணத்தை டெபிட் அட்டையில் கட்டாமல் கிரெடிட் அட்டையில் கட்டுங்கள். சொன்ன பொருள் கிடைக்கவில்லை என்று அட்டை நிறுவனத்திடம் மறுப்புத் தெரிவிக்க, கணக்கறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு.

எனக்கு அந்த 54 டாலரை அட்டை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. வண்டியை மீட்கக் கட்டிய பணம் வரவில்லை. மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் படங்களோடு புகார் கொடுத்திருக்கிறேன். அந்த இணையதளம் மட்டும் மூடப்படவில்லை. அடுத்த மாத ஆட்டங்களுக்கு அதே படத்தோடு, வேறொரு தெருமுகவரியில், 32 டாலர் என்றே இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது.