அந்தப் பெட்டியில் செக்கைப் போடாதீர்கள்

வங்கியில் செக் போட்டால் பணம் கைக்கு வர ஏன் இத்தனை நாள் என்பது இந்த முறை ஊருக்குப் போனபோது நன்றாகவே புரிந்தது. தாமதம் வங்கிகள் தங்களுக்குள் செக்கைச் சரிபார்த்துக் கணக்குத் தீர்க்கும் கிளியரிங்கில் இல்லை, கிளைக்குள் வைத்திருக்கும் செக் பெட்டியில் இருக்கிறது.

இடம் விற்ற வகையில் அம்மாவுக்கு ஒரு செக் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கவுண்டருக்குக் கொண்டுபோனேன். "பெட்டியில போட்டுடுங்க சார்" என்று தலை நிமிராமலே பதில். சலானை நிரப்பி, அடிக்கட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு போட்டேன். எத்தனை மணிக்குப் பெட்டியைத் திறப்பார்கள் என்று அதன்மேல் ஒரு வரி கிடையாது. அன்று திறந்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டதாம். மறுநாள் இரண்டாவது சனி. அப்புறம் ஞாயிறு. செக் கொடுத்தவரின் வங்கியோ அதே தெருவில், எதிர்ச்சாரியில்!

திங்கள் காலை போய்க் கேட்டால், "செக்குன்னா ரெண்டு மூணு நாள் ஆகத்தான் செய்யும் சார்." இந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெளியூர் செக்கைத் தபாலில் அனுப்பி, கமிஷனும் பிடித்துக்கொண்டு, வாரக்கணக்கில் காக்கவைத்த காலத்துப் பதில் அது. இப்போது காகிதம் செக் கொடுத்தவரின் வங்கிக்குப் போவதே இல்லை, ஸ்கேன் செய்த படம்தான் போகிறது. சென்னையில் இந்த முறை 2011-லேயே வந்துவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி இதை இன்னும் வேகப்படுத்தியிருக்கிறது. படங்கள் போய்க்கொண்டே இருக்கும் நேரம் தொடக்கத்தில் காலை 10 முதல் மாலை 4 வரை, பிறகு காலை 9 முதல் மாலை 3 வரை என்று மாறியது. பணம் உண்டா இல்லையா என்று செக் கொடுத்தவரின் வங்கி இரவு 7 மணிக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உண்டு என்றே கணக்கு.

அடுத்த மேசையில் இருந்த பெண் அதிகாரி பொறுமையாகத் திரையைத் திருப்பி அந்தப் படத்தைக் காட்டினார். செக்கை அம்மா மடித்து வைத்திருந்த தடம்கூட அதில் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் பணம் வந்துவிட்டது.

நான் இருக்கும் அமெரிக்காவில் கிளையில் செக் போட்டால், வழக்கமாக முதல் 275 டாலரை அடுத்த வேலைநாளே எடுக்க விட வேண்டும் என்பது சட்டம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் செக்குக்குப் பணம் உண்டா என்று தெரியும் முன்பே கொடுப்பது அது. செக் திரும்பினால், செலவழித்திருந்தாலும் வங்கி உங்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். போலிச் செக் கொடுத்து ஏமாற்றுகிறவர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். நம் ஊரில் வங்கிகளுக்குள் கணக்குத் தீர்ந்த பிறகு பணம் வருகிறது. எனக்கு அதுதான் நிம்மதியாகப் படுகிறது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை, திறக்கும் நேரம் எழுதாத ஒரு பெட்டி கெடுக்கிறதே என்றுதான் வயிறு எரிகிறது.

ஊருக்குப் போகிறவர்கள் காலையிலேயே கிளைக்குப் போய்விடுங்கள். செக்கைக் கவுண்டரில் கொடுத்து, சலானில் முத்திரை கேளுங்கள். பெட்டியைக் கைகாட்டினாலும் விடாதீர்கள். கேட்டால் முத்திரை போட்டுத் தர எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.