டிஜிட்டல் பண்பாட்டை அளக்கும் வினாக்கொத்து: சில வருடப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் நிர்வாகப் பகுதியில் வேலை செய்கிறேன். சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று கிளைகள் உண்டு. எல்லாக் கிளைக்கும் கணினி வந்துவிட்டது. ஆனால் ஆட்கள் வேலை செய்யும் விதம் மாறியதா என்பதை அறியத்தான் நிறுவனப் பண்பாட்டை அளக்கும் ஓ.சி.ஏ.ஐ. (OCAI) என்ற வினாக்கொத்தைச் சில வருடங்களாகப் பாவித்து வருகிறோம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிம் கமரூனும் ரொபேர்ட் குயினும் உருவாக்கியது இது. மொத்தம் 6 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 4 கூற்றுகள்: குடும்பம் போன்ற நிறுவனம், புதுமை தேடும் நிறுவனம், போட்டியில் நிற்கும் நிறுவனம், ஒழுங்குவிதிப்படி நடக்கும் நிறுவனம். 100 புள்ளிகளை இந்த நான்குக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை, எப்படி இருக்க வேண்டும் என்று இன்னொரு தடவை.

எனக்குப் பிடித்ததே இந்தப் பிரிப்புத்தான். லிக்கெர்ட் என்ற உளவியலாளர் 1932இல் தந்த ‘மிகவும் உடன்படுகிறேன்’ வகை அளவுகோலில், முகாமையாளரின் மேசையில் இருந்து வந்த தாள் என்றாலே எங்கள் ஊழியர்கள் எல்லாவற்றுக்கும் உடன்பட்டுவிடுவார்கள். இதில் அது முடியாது. ஒன்றுக்குக் கூட்டினால் மற்றதில் குறைத்தே ஆகவேண்டும். தாளில் நிரப்பினால் கூட்டுத்தொகை 95, 110 என்று வந்து நிற்கும். அதனால் எக்செல்லில் போட்டு, 100 வராவிட்டால் சிவப்பாகக் காட்டும்படி செய்துவைத்தோம்.

குறை என்னவென்றால், டிஜிட்டல் பற்றி அதில் ஒரு கேள்வியும் கிடையாது. அதை நாங்களேதான் சேர்த்தோம். அதோடு, கேள்வி கேட்பதை விட்டு வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கவும் தொடங்கினோம். உண்மையான பயன் அங்கேதான் கிடைத்தது.

ஒரு கிளையில் களஞ்சியத்துக்குப் பொறுப்பான அக்கா, வந்த பொருளைச் சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். பிறகு அதையே கணினியில் பதிவார். பழைய பழக்கம், கரண்ட் போய்விடும் என்ற பயம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நினைத்தால் அது நியாயமாகவும் பட்டது. அவரிடமே கேட்டேன்.

“தம்பி, கணினியில பிழையா அடிச்சா என்னால திருத்தேலாது. முகாமையாளர் வந்துதான் திறக்கவேணும். பிறகு ஏன் பிழை விட்டனி எண்டு விளக்கம் குடுக்கவேணும். கொப்பியில வெட்டிப்போட்டு எழுதலாம்.”

முதலில் கொப்பி, பிழை இல்லை என்று உறுதியானால் கணினியில் பதிவு என்று அவர் ஒரு முறையே வைத்திருந்தார். நிறுவனங்களை ஆராய்ந்த எட்கர் ஷைன் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்வது, சொல்லாமலே எல்லோரும் நம்புவது. வினாக்கொத்து பெரும்பாலும் இரண்டாவது அடுக்கோடு நின்றுவிடுகிறது. அந்தக் கொப்பி மூன்றாவதைக் காட்டியது.

அதன் பிறகு, ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மன்சன் 1999இல் வெளியிட்ட, குழுவுக்குள் பயமில்லாமல் பேச முடிகிறதா என்று அளக்கும் 7 கேள்விகளையும் சேர்த்தோம். பிழைவிட்டால் அதை உங்கள்மேல் சுமத்துவார்களா என்பதைத் தொடுவதுதான் அதன் முதற்கேள்வி. எங்களுக்கு மிகவும் உதவியதும் அதுதான். அதே நாளில் பதிந்ததை, பதிந்தவரே திருத்தலாம், திருத்திய விபரம் கணினியில் நிற்கும் என்று அனுமதியை மாற்றினோம். அந்தக் கிளையில் கொப்பி எழுதுவது நன்றாகக் குறைந்துவிட்டது.

இன்னொரு அளவும் கைகொடுக்கிறது: கிளைகளில் இருந்து வரும் கடிதங்களில் எத்தனை எந்தக் கருவியிலும் வாசிக்கக்கூடிய யூனிகோட்டில், எத்தனை பாமினி என்ற பழைய எழுத்துருவில் என்று பார்ப்பது. பாமினியில் அடித்ததைப் போனில் திறந்தால் வாசிக்க முடியாது, தேடவும் முடியாது. பயிற்சி வேலைக்கு வந்ததா என்பது இதில் உடனே தெரிந்துவிடும்.

லொகின் எண்ணிக்கையை மட்டும் நம்பவேண்டாம். அதைக் கிளைவாரியாக அறிவித்தல் பலகையில் போட்டபோது, காலையில் எல்லோரும் லொகின் செய்துவிட்டுத் தாளிலேயே வேலை செய்தார்கள். பட்டியலை எடுத்துவிட்டோம்.

நான்கைந்து பேர் உள்ள கிளையில் வயதும் பதவியும் கேட்டால் யார் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள், சின்னக் கிளைகளைச் சேர்த்தே முடிவைக் காட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை போதும், இருப்புக் கணக்கெடுக்கும் காலத்தில் மட்டும் வேண்டாம். மொத்தமே பத்துப்பேர்தான் என்றால் வினாக்கொத்துத் தேவையே இல்லை. நேரே போய்ப் பக்கத்தில் இருந்து, இரண்டு தடவை எழுதப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள்.