சுகர்க்காரர் கால் எரிச்சலுக்கு எந்த மாத்திரை? அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின், பிரிகாபலின்

பகலெல்லாம் சும்மா இருந்த பாதம் ராத்திரி படுத்ததும் எரிய ஆரம்பிக்கும். போர்வை பட்டாலே கூசும், ஊசி ஏற்றுவது போல் சுருக்கென்று குத்தும். சர்க்கரையால் நரம்பு கெட்டதால் வரும் வலி இது. இதற்குச் சாதாரண வலி மாத்திரைகள் கேட்காது. டைக்ளோபினாக்கைத் தொடர்ந்து விழுங்கினால் கிட்னிதான் கெடும். டாக்டர்கள் முதலில் எழுதுவது தலைப்பில் உள்ள மூன்றில் ஒன்றைத்தான். மூன்றுமே வலியைத் தணிக்குமே தவிர நரம்பைச் சரிசெய்யாது. அதனால் எரிச்சல் இல்லாமல் வெறும் மதமதப்பு மட்டும் உள்ளவருக்கு இவை வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது பாதப் பரிசோதனையும், மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்பும், தினமும் உள்ளங்காலைப் பார்க்கிற பழக்கமும்.

வலியைக் குறைப்பதில் எது கெட்டி? பிரிட்டனில் 13 மையங்களில் 130 பேரை வைத்து நடந்த ஆப்ஷன்-டிஎம் ஆய்வு 2022இல் லான்செட் இதழில் வந்தது. இந்த மூன்றில் ஒன்றில் தொடங்கி, போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்ப்பது ஒரு வழி. ஒவ்வொருவருக்கும் இப்படி மூன்று வழிகளையும் மாற்றி மாற்றி, வழிக்கு 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பத்துக்கு 6.6 என்றிருந்த சராசரி வலி, எதில் தொடங்கினாலும் 16 வார முடிவில் 3.3 அளவுக்கு இறங்கியது. முதல் மருந்து 6 வாரத்தில் போதாமல் போனவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது இன்னும் ஒரு புள்ளி குறைந்தது. ஆக, வலியை வைத்துத் தேர்வு செய்ய வழியில்லை. இதயம், கிட்னி, பிராஸ்டேட், எடை, தூக்கம் இவற்றைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அமிட்ரிப்டிலின் மூன்றிலும் மலிவு, பழசு. 10 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு 10 மி.கி. ஏற்றிக்கொண்டு போகலாம். உச்சம் 75. தூங்கப் போகும் நேரத்தில் போட்டால் காலையில் மந்தம் தெளியாது. ராத்திரி ஏழெட்டு மணிக்கே போட்டுவிடுவது நல்லது. வலியால் தூக்கம் கெட்ட, இதயக் கோளாறு இல்லாத நடுவயதுக்காரருக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். ஆனால் வாய் உலரும், மலம் இறுகும், எடை கூடும். பிராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் இருந்தால் தொடவே கூடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கும் ஆகாது. வயதானவருக்கு ஈசிஜி பார்க்காமல் தொடங்கக் கூடாது. எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கித் தலைசுற்றுவது சர்க்கரையில் ஏற்கெனவே உண்டு. இந்த மாத்திரை அதைக் கூட்டும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவது அப்படித்தான். இதன் தம்பியான நார்ட்ரிப்டிலினில் இந்தத் தொல்லைகள் கொஞ்சம் குறைவு.

டுலாக்ஸிடின் எடையை ஏற்றாது, மனச்சோர்வுக்கும் வேலை செய்யும். ஒரு வாரம் 30 மி.கி., பிறகு 60. அதற்கு மேல் 120 வரை போனாலும் பெரும்பாலோருக்குக் கூடுதல் பலன் சொற்பம். முதல் வாரம் குமட்டும். இதனால்தான் பலர் ‘ஒத்துக்கல’ என்று விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டோடு போட்டு, பத்து நாள் பொறுத்தால் அநேகமாக அடங்கிவிடும். கேப்சூலை உடைத்துத் தண்ணீரில் கலக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மணிகளின் பூச்சு கரைந்துவிட்டால் வயிற்று அமிலம் மருந்தை அழித்துவிடும். கல்லீரல் கெட்டவர், தினமும் குடிப்பவர், கிட்னி வடிகட்டும் அளவு (ரிப்போர்ட்டில் eGFR) 30க்குக் கீழே போனவர் ஆகியோருக்கு வேண்டாம். டிரமடால் என்ற வலி மாத்திரையோடு சேர்ப்பதும் ஆபத்து.

பிரிகாபலினைக் கல்லீரல் தொடுவதில்லை, முழுக்கக் கிட்னி வழியாகவே வெளியேறும். கல்லீரல் நோயாளிக்கு இது வசதி, கிட்னி நோயாளிக்கு இதுவே சிக்கல். வடிகட்டும் அளவு 60க்குக் கீழே போனால் டோஸில் பாதி, 30க்குக் கீழே கால்வாசி. கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்க்காமல் 75 மி.கி. இரண்டு வேளை என்று எழுதிவிட்டால், முதியவர் தள்ளாடுவார், பேச்சு குழறும். வீட்டில் பக்கவாதம் என்று பதறுவார்கள். கிட்னி நன்றாக இருந்தால் ராத்திரி 75இல் தொடங்கி நாளுக்கு 300 வரை போகலாம். மற்ற இரண்டையும்விட இதன் பலன் சீக்கிரம், சில நாளிலேயே தெரியும். கால் வீக்கமும் எடையும் கூடும். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு வீக்கம் இரட்டிப்பு. பழக்கமாகிவிடும் சுபாவமும் இதற்கு உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து பிரிட்டனில் இது கட்டுப்பாட்டு மருந்து.

கபபென்டின் இதே குடும்பம். மூன்று வேளை போட வேண்டும், அவ்வளவுதான் பெரிய வித்தியாசம்.

எதை எடுத்தாலும் தாங்கக்கூடிய டோஸுக்கு வந்த பிறகு நாலிலிருந்து ஆறு வாரம் பார்க்காமல் மாற்ற வேண்டாம். வலி பாதியாகக் குறைந்தாலே அது வெற்றிதான். இன்னொரு விஷயம்: மூன்று மாதத்தில் எச்பிஏ1சி (சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு) இரண்டு மூன்று புள்ளி சடாரென்று இறங்கியவருக்கு எரிச்சல் புதிதாகக் கிளம்பலாம். சர்க்கரை இப்போதுதானே குறைந்தது, வலி ஏன் வந்தது என்று குழம்புவார்கள். பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாகவே தணியும். அதுவரை மாத்திரை கைகொடுக்கும்.

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் இவற்றைத் தனியாகப் பார்ப்பதைவிட, பிரிகாபலின் 75 மி.கி.யும் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினும் ஒன்றாக அடைத்த கேப்சூலாகப் பார்ப்பதே அதிகம். பி12 குறைந்திருந்தால் அந்த வைட்டமின் அவசியம். மெட்பார்மினை வருஷக்கணக்கில் போடுபவர்களும் சைவர்களும் ரத்தத்தில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறையில்லாதவருக்கு அதனால் வலி குறையும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பெரிய தொல்லை வேறு: 75இல் அடைத்துவிட்டதால் 25, 50 என்று மெல்ல ஏற்ற முடியாது. அதோடு, வீட்டில் அதற்கு ‘நரம்புச் சத்து மாத்திரை’ என்று பெயர் விழுந்துவிடும். சத்து மாத்திரைதானே என்று ஒரு நாள் சட்டென்று நிறுத்துவார்கள். தூக்கம் போகும், வியர்க்கும், படபடக்கும். நிறுத்துவதானால் குறைந்தது ஒரு வாரத்துக்குப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஒரே அளவில் அடைத்த கேப்சூலில் அதற்கும் வழியில்லை, 25 மி.கி. தனி பிரிகாபலினுக்கு மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும்.