பச்சை பாட்டில் பீர், மூணு வருஷத்துக்கப்புறம்

நேத்து பங்காளி ஒருத்தன் போன் பண்ணி, அக்கா மக கல்யாணம் வருது, பசங்களுக்கு நீ குடிக்கிற அந்த பச்சை பாட்டிலயே ரெண்டு பெட்டி எடுத்துடவான்னு கேட்டான். டக்குன்னு ஆமான்னு சொல்ல வாய் வரல.

பீர் நல்ல பீர்தான், அதுல சந்தேகமே இல்ல. மால்ட்டோட, அதாவது முளைகட்டி காயவச்ச பார்லியோட, அரிசியும் போட்டு காய்ச்சுறாங்க, இங்க நிறைய பேரு அதை ஏதோ கலப்படம் மாதிரி பேசுறாங்க, தப்பு. அரிசி சேர்த்தாதான் கனமில்லாம, நாக்குல ஒட்டாம, குடிச்சு முடிச்சதும் வாய் சுத்தமா இருக்கும். குறுவை அறுப்பு முடிஞ்சு வயல் நண்ட மிளகு தட்டிப்போட்டு வறுத்து வச்சிட்டு இத ஒரு வாய் குடிச்சு பாருங்க, எண்ணெய் பிசுக்க கழுவி விட்டுட்டு அடுத்த நண்டுக்கு கை தானா போகும். காரைக்கால்ல ஒரு தடவ பெட்டிய அப்பதான் பிரிச்சு எடுத்துக் குடுத்தாங்க, அன்னிலேர்ந்துதான் எனக்கு இது பிடிச்சது.

என் பிரச்சன அந்த பாட்டில்தான். மூணு வருஷமா அதே எரிச்சல். நாலு பாட்டில் வாங்குனா ஒண்ணு ரெண்டு திறந்ததும் டயர் கருகுன மாதிரியும் அழுகுன பூண்டு மாதிரியும் ஒரு வாடை. நல்லா ஜில்லுனு இருக்கறப்ப தெரியாது, ரெண்டாவது டம்ளர் ஊத்தி கொஞ்சம் ஜில்லு இறங்குனதும் மூக்குல ஏறும். ரொம்ப நாள் பழைய சரக்குன்னுதான் நெனச்சேன். அதில்ல, வெளிச்சம். கசப்புக்கு போடுற ஹாப்ஸ்ங்கிற பூவுல உள்ள பொருள் வெளிச்சம் பட்டா உடைஞ்சு, பீர்ல இருக்க கந்தகத்தோட சேர்ந்து அந்த நாத்தம் வருது. பிரவுன் கண்ணாடி அந்த வெளிச்சத்த பெரும்பாலும் மறிச்சிடும், பச்சை ரொம்ப கம்மியாதான் மறிக்கும். டின்னுல இந்த பேச்சே இல்ல.

நம்பாம நானே செஞ்சு பாத்தேன். ஒரே பேட்ச் நம்பர்ல ரெண்டு பாட்டில், ஒண்ணுக்கு கருப்புத் துணி சுத்தி, ஒண்ண அப்படியே, ரெண்டையும் பம்புசெட் கொட்டாய் சுவத்து மேல ஒரு மணி நேரம் வெயில்ல வச்சேன், சூடு ரெண்டுக்கும் உண்டு. அப்புறம் ஒரே ஐஸ்ல போட்டு, எது எதுன்னு சொல்லாம மச்சானுக்கு டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். மோந்து பாத்துட்டு ஒண்ண தள்ளி வச்சிட்டாரு, துணி சுத்தாததுதான்.

கடைல மேற்கு பக்கம் கம்பிக்கிட்ட, சாயங்கால வெயில் நேரா அடிக்கிற இடத்துல அடுக்கி வச்சிருக்காங்க. பெட்டிலேர்ந்து எடுத்துக் குடுங்கண்ணேன்னா, எல்லாம் ஒண்ணுதான் தம்பி, இருக்கறத வாங்கிட்டு போன்றாரு. கடைக்காரருக்கு தெரியாம இருக்கலாம், காய்ச்சுறவனுக்கு தெரியாதா? வெளிச்சம் பட்டாலும் கெடாத மாதிரி பக்குவம் பண்ணுன ஹாப்ஸ் சாறு இருக்கு, அத போடலாம், இல்ல பாட்டில மாத்தலாம். பாக்க அழகா இருக்கணும்னு பச்சைலயே ஊத்தி குடுத்தா காசு குடுக்குறவன் என்ன பண்ணுவான்?

போன சனிக்கிழம வாங்குன ரெண்டையும் வாய்க்கால் ஓரமா கொட்டிட்டு வந்தேன், அந்த கோவம் இன்னும் போகல. அதனால பங்காளிகிட்ட வேணான்டான்னுட்டேன். நீதானடா இவ்வளவு நாளா இத தூக்கிப் பேசுனேங்குறான். ஆமா, பேசுனேன். பிரவுன் பாட்டில்ல எது கெடச்சாலும் எடு, ருசி ஒரு படி கம்மியா இருந்தாலும் பரவால்லன்னு சொல்லி வச்சிட்டேன்.