கசியும் புண்ணுக்கு எந்தக் கட்டு?

என் தாயாரின் இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறத்தில், வெரிகோஸ் நாளங்களால் (புடைத்து முறுக்கிய சிரைகளால்) வந்த புண்ணுக்கு எட்டு மாதங்களாக நானே வீட்டில் கட்டுப் போட்டு வருகிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் டிரெஸ்ஸிங் வகைகளில் பலவற்றை, மருத்துவர் சொல்லியும் சில வேளை என் அவசரத்தாலும், இதற்குள் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மதிப்பீடு உதவலாம்.

தொடக்கத்தில் எல்லா வீடுகளையும் போலப் பீட்டாடினும் காஸ் துணியும்தான். விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் புண்ணிலிருந்து கசிந்த நீர் துணியின் இழைகளுக்குள் காய்ந்து இறுகிவிடுவதால், மறுநாள் பிரிக்கும்போது புதிதாக முளைத்த சிவந்த சதையும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. முந்தைய நாள் ஆறியதை நாங்களே பிய்த்துக்கொண்டிருந்தோம் என்பது வெகு தாமதமாகவே புரிந்தது. போதாக்குறைக்கு, காற்றாட இருந்தால்தான் புண் ஆறும் என்று அம்மா நம்பியதால், அரை மணி நேரம் திறந்தே வேறு வைத்திருப்போம். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காக்கப்பட்ட காயங்களில், திறந்துவிடப்பட்டுப் பொருக்குத் தட்டிய காயங்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது. இன்று விற்கும் நவீன டிரெஸ்ஸிங்குகளில் பெரும்பாலானவை அந்த ஈரக் கொள்கையின் வழிவந்தவை. பன்றிக் கதையை அம்மா ரசிக்கவில்லை. ஆனால் காற்றாட விடுவது அன்றோடு நின்றது.

அடுத்து பாரஃபின் தோய்த்த வலைத்துணியை வாங்கினோம். ஜெலோனெட் இந்த வகை, குளோர்ஹெக்சிடின் 0.5% சேர்ந்த பாக்டிகிராஸும் இதே குடும்பம்தான். புண்ணில் அவ்வளவாக ஒட்டாது என்பதே இதன் சிறப்பு. சிறிய தீப்புண்ணுக்கும் சிராய்ப்புக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் இது நீரை உறிஞ்சாது. மேலே வைத்த பஞ்சுப் பட்டை மாலைக்குள் நனைந்துவிட்டதால் எங்கள் வேலை குறையவில்லை.

நான் தவறியது ஹைட்ரோகொலாய்டு என்ற, நீரை உறிஞ்சிக் கூழாகும் ஒட்டுக் கட்டில். தோல் நிறத்தில், தானே ஒட்டிக்கொண்டு, மூன்று முதல் ஏழு நாள் வரை இருக்கக்கூடியது என்றதும், யாரையும் கேளாமல் வாங்கி ஒட்டினேன். இரண்டாம் நாளே ஓரம் வழியாக மஞ்சள் கூழ் வழிந்து நாற்றமடித்தது. சீழ் என்று பதறியபோது, கட்டுப் போட வந்த செவிலியர், நீரை உறிஞ்சினால் இந்தப் பொருள் இப்படித்தான் கூழாகும், சலைனால் (மருத்துவ உப்புநீரால்) கழுவிய பிறகும் நாற்றமோ சீழோ இருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று விளக்கினார். கழுவிப் பார்த்தால் புண்ணில் குறையில்லை. சுற்றியிருந்த நல்ல தோல்தான் ஊறி வெளுத்துப் போயிருந்தது. பொருளின் மீது பழி சொல்ல மாட்டேன். கசிவு குறைவாக உள்ள, கிருமித் தொற்று இல்லாத புண்ணுக்கு உரியதை நான் ஒழுகும் புண்ணில் ஒட்டிவிட்டேன்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் இந்த நார், தன்னிலுள்ள கால்சியத்தைக் கொடுத்து, புண் நீரிலுள்ள சோடியத்தை வாங்கிக்கொண்டு மெல்லிய ஜெல்லாக மாறுகிறது. பிரிக்கும்போது சலைன் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதன் மேல் நீரை உறிஞ்சும் மெத்தென்ற பாலியூரித்தேன் ஃபோம் வைத்துக் கட்டியதும் தினசரி வேலை வாரத்துக்கு இருமுறையாகக் குறைந்தது. ஒரு கட்டின் விலை காஸைப் போலப் பல மடங்குதான். எண்ணிக்கை குறைந்ததும் அம்மா வலியில்லாமல் உறங்கியதும் அந்த விலைக்குத் தகும். இரண்டு மாதம் கழித்துக் கசிவு குறைந்தபோது ஆல்ஜினேட் காய்ந்து ஒட்டத் தொடங்கியது. அதை நிறுத்திவிட்டு ஃபோமை மட்டும் தொடர்ந்தோம். புண் மாறினால் கட்டும் மாற வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆறியதன் பெருமை முழுவதையும் ஃபோமுக்குத் தந்துவிட முடியாது. மேலே சுற்றிய அழுத்தக் கட்டு இல்லாவிட்டால் இத்தகைய புண்ணில் எதை வைத்தாலும் நீர் கசிவது நிற்காது. காலுக்கு வரும் தமனி இரத்த ஓட்டத்தைப் பரிசோதித்த பிறகே மருத்துவர் அதற்கு அனுமதித்தார். அந்தச் சோதனை இல்லாமல் யாரும் தாமாகச் சுற்றிவிட வேண்டாம். வெள்ளி கலந்த வகை எங்களுக்குத் தேவைப்படவில்லை. தொற்று உள்ள புண்ணுக்குச் சில வாரங்கள் மட்டும் பயன்படுத்துவது அது.

வாங்கும்போது புண்ணின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரும் அளவைப் பாருங்கள். ஒருமுறை எங்கள் பகுதிக் கடையொன்றில், பெரிய ஃபோமைக் கத்தரியால் பாதியாக வெட்டி, மருந்துச் சீட்டுத் தாளில் மடித்து, பாதி விலைக்குத் தந்தார்கள். உறை பிரிந்த கணமே அதன் கிருமியற்ற தன்மை போய்விடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் அதை மீண்டும் இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.